ரெகுலேட்டர் விழித்தெழும் நேரம்

நியூசிலாந்தில் தகனினியிலிருந்து நெடுஞ்சாலையில் ஆக்லாந்து நகரத்தை நோக்கிப் போனால் வழியில் மவுண்ட் வெலிங்டன் வரும். 1967இல் வாரன் ராபின்சன் தொடங்கிய ராக்கான் நிறுவனம் அந்தப் பகுதியில்தான் நெடுங்காலமாக இயங்கிவருகிறது. ஜிபிஎஸ் கருவிகளுக்குத் தாளம் பிசகாத குவார்ட்ஸ் அலையியற்றிகளைச் செய்து உலகெங்கும் விற்பவர்கள். இப்படிப்பட்ட அலையியற்றிக்கு வரும் மின்னழுத்தம் கொஞ்சம் சலசலத்தாலும் அதன் அதிர்வெண் தடுமாறும். அதனால் பேட்டரிக்கும் அதற்கும் நடுவில் ஒரு லீனியர் ரெகுலேட்டரை வைப்பது வழக்கம். அது மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தித் தரும் சிறிய சில்லு. ஸ்விட்சைப் போட்டதிலிருந்து அந்த அளவை எட்ட அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ரெகுலேட்டரின் வெளிமுனையில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். குழாயடியில் வைத்த குடத்தைப் போல அது நிரம்பினால்தான் மின்னழுத்தம் ஏறும். குழாயின் வேகத்துக்கோ ஒரு வரம்பு உண்டு. சில்லு கருகாமல் இருக்க மின்னோட்டத்துக்கு உச்சம் வைத்திருப்பார்கள். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 300 மில்லிஆம்பியரில் 3.3 வோல்ட் வரை நிரப்ப 1.1 மில்லிவிநாடி ஆகும். குடம் நிரம்பும்போதே மறுபக்கம் 200 மில்லிஆம்பியர் வெளியே போய்க்கொண்டிருந்தால்? மிஞ்சுவது 100தான். அதே வேலைக்கு 3.3 மில்லிவிநாடி. பழைய ரெகுலேட்டர்கள் சிலவற்றில் வெளியழுத்தம் தாழ்ந்திருக்கும்போது மின்னோட்ட வரம்பும் சேர்ந்து தாழும். அந்த நேரத்தில் சுமையாக இணைந்திருக்கும் சுற்று கூடுதலாக இழுத்தால் ரெகுலேட்டர் பாதியிலேயே நின்றுவிடும், எழவே எழாது.

இதெல்லாம் வெளியே நடப்பது. பெரிய தாமதம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. ரெகுலேட்டர் தன் வெளியழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க உள்ளே ஒரு மேற்கோள் அழுத்தம் வேண்டும். பாப் விட்லர் வடிவமைத்து நேஷனல் செமிகண்டக்டர் வெளியிட்ட எல்எம்109 சில்லில் இதற்காகப் பேண்ட்கேப் என்னும் சுற்று வந்தது. இன்றும் பெரும்பாலான ரெகுலேட்டர்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. அந்தச் சுற்றுக்கு ஒரு குணம் உண்டு. மின்னோட்டமே ஓடாமல் சும்மா கிடப்பதும் அதற்கு நிலையான நிலைதான். தட்டி எழுப்ப ஒரு துணைச்சுற்று தேவை.

மேற்கோள் அழுத்தத்தின் இரைச்சலைக் குறைக்க அதோடு ஒரு மின்தடையையும் கெப்பாசிட்டரையும் சேர்ப்பார்கள். 100 கிலோஓம், 100 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள் அழுத்தம் தன் இறுதி அளவுக்கு ஒரு சதவீதத்துக்குள் வர ஏறக்குறைய 46 மில்லிவிநாடி! மேலே சொன்ன எல்லாவற்றையும் இது விழுங்கிவிடுகிறது. அமைதி வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். தொடக்கத்தில் மட்டும் இந்தக் கெப்பாசிட்டரை விரைவாக நிரப்பிவிடும் சில்லுகளும் கிடைக்கின்றன. அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

46 மில்லிவிநாடி என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளவெடுத்து, மறுபடி உறங்கும் பேட்டரிக் கருவி ஒன்றை நினைத்துப் பாருங்கள். காத்திருக்கும்போது அது 10 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்றால், வெறும் காத்திருப்புக்கே ஆண்டுக்கு 67 மில்லிஆம்பியர்-மணி போகிறது. சின்னப் பேட்டரிக்கு அது கனமான செலவு.

தொடக்க நேரத்தை அளக்கும்போது இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். உள்ளே வரும் மின்னழுத்தம் மெதுவாக ஏறினால் வெளியேயும் மெதுவாகத்தான் ஏறும். சுற்றை அணைத்து உடனே போட்டால், கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்னூட்டத்தால் தொடக்கம் வேகமாகத் தெரியும். அந்த அளவை நம்பிவிடக் கூடாது.

தகவல் தாளில் அச்சிட்டிருக்கும் தொடக்க நேரம், அதைத் தயாரித்தவர் தேர்ந்தெடுத்த கெப்பாசிட்டருக்கும் சுமைக்கும் உரியது. உங்கள் பலகையில் இருப்பவை வேறு. மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகளே, வீட்டில் சுற்று கட்டும் நண்பர்களே, உங்கள் கெப்பாசிட்டரையும் சுமையையும் இணைத்து, முழுவதும் மின்னிறக்கிய நிலையிலிருந்து தொடங்கி, ஆஸிலோஸ்கோப்பில் ஒருமுறை அளந்து பாருங்கள். அதன் பிறகு மென்பொருளில் காத்திருப்பு நேரத்தை எழுதுங்கள்.