வாசலில் ஒரு குடும்ப டாக்டர்

('ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் குடும்ப டாக்டர்: தேவையா, தேவையில்லையா?' என்ற பட்டிமன்றத்தில் 'தேவையே' அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எங்கள் அணியைப் பாதி படுக்க வைத்துவிட்டுப் போன எதிரணி அம்மையார் அவர்களே! ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

போன வருஷம் ஒரு ராத்திரி. மணி பதினொண்ணு. என் பேரன் காதைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழறான். தெருமுனை டாக்டர் பூட்டிட்டுப் போய் ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஆட்டோவைப் பிடிச்சு நேரே பெரிய ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரின்னு கேட்காதீங்க, நாளைக்கும் நான் அங்கேதான் போயாகணும். (சிரிப்பு)

போய் உட்கார்ந்தோம். மோட்டார் சைக்கிள் விபத்திலே அடிபட்ட ஒரு பையனைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. எல்லா டாக்டரும் அவன்கிட்டே ஓடினாங்க. ஓடத்தான் வேணும். அந்தப் பையனைப் பார்த்துட்டு என் பேரனே கொஞ்ச நேரம் அழுகையை நிறுத்திட்டான். ராத்திரி ஒண்ணரை மணிக்கு ஒரு இளம் டாக்டர் எங்ககிட்டே வந்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார், ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், காலையிலே காது-மூக்கு-தொண்டை நிபுணரைப் பார்க்கச் சொன்னார். விடிஞ்சதும் நாங்க போனது தெருமுனை டாக்டர்கிட்டே. காதுக்குள்ளே விளக்கு அடிச்சுப் பார்த்தார். "சளி பிடிச்சிருந்ததா?"ன்னு கேட்டார். வலிக்கு மருந்து எழுதினார். "ரெண்டு நாள்லே சரியாகலேன்னா கூட்டிட்டு வாங்க"ன்னார். முடிஞ்சது.

அந்த இளம் டாக்டரை நான் குறை சொல்ல வரவில்லை. அவரைப் பழக்கினதே ஆபத்தைத் தேடுவதற்கு. நூறு பேரில் ஒருவனுக்கு வரும் கொடிய நோயைத் தவறவிடக் கூடாது என்பது அவர் படித்த பாடம். தெருமுனை டாக்டர் மிச்சம் தொண்ணூற்றொன்பது பேரைத் தினமும் பார்க்கிறவர். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்திலே, நோயாளியின் நிலையைப் பார், நோயின் அளவைப் பார், காலத்தைப் பார் என்று மூன்று சொல்கிறார். அவசரப் பிரிவு டாக்டருக்குப் பின்னால் உள்ள இரண்டும் தலைகீழ்ப் பாடம். முதலில் உள்ளதைப் பார்க்க அவருக்கு நேரம் ஏது?

இது என் பேரன் கதை மட்டும் இல்லை. அயர்லாந்திலே, டப்ளின் நகரத்து செயின்ட் ஜேம்ஸ் ஆஸ்பத்திரியிலே இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவசரம் குறைந்தவர்கள் என்று பிரித்த 4,684 பேரில் ஒரு பகுதியினரைக் குடும்ப டாக்டர்கள் பார்த்தார்கள். மற்றவர்களை வழக்கமான ஆஸ்பத்திரி டாக்டர்கள் பார்த்தார்கள். 1996இல் முடிவு வந்தது. குடும்ப டாக்டர்கள் சோதனைக்கு அனுப்பியது 20 சதவிகிதம் குறைவு. வேறு பிரிவுகளுக்கு அனுப்பியது 39 சதவிகிதம் குறைவு. படுக்கையில் சேர்த்தது 45 சதவிகிதம் குறைவு. மருந்துச் சீட்டு மட்டும் கூடுதலாக எழுதினார்கள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். (சிரிப்பு) சரி, சோதனையைக் குறைத்ததால் நோயாளிகள் கெட்டுப் போனார்களா? ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் உடல்நிலையில் வித்தியாசம் தெரியவில்லை.

அம்மையார் இங்கிலாந்தைக் காட்டினாங்க. 2017இல் அந்த அரசாங்கம் 10 கோடி பவுன் ஒதுக்கி, அவசரப் பிரிவு வாசலிலே குடும்ப டாக்டரை உட்கார வைத்தது. 2022இல் கணக்குப் பார்த்தபோது சராசரியாக ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆண்டுக்கு 302 பேர் திரும்பி வருவதுதான் குறைந்தது. காத்திருக்கும் நேரம் குறையவில்லை. இதற்கா இவ்வளவு செலவு என்று கேட்டாங்க. நியாயமான கேள்வி. டப்ளின் ஒரே ஒரு ஆஸ்பத்திரி, அதுவும் பழைய கணக்கு என்றால் அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அம்மா, அவசரப் பிரிவு ஏன் நிரம்பி வழிகிறது? காதுவலிக்காரனாலா? அவன் ஒரு பெஞ்சிலே உட்கார்ந்திருப்பான். மேலே வார்டிலே படுக்கை காலி இல்லை. படுக்கையில் சேர்க்க வேண்டியவரை மேலே அனுப்ப முடியாமல் கீழேயே ஸ்ட்ரெச்சரில் வைத்திருக்கிறார்கள். தேக்கம் அங்கே இருக்கிறது! மாடியிலே குழாய் அடைத்துக்கொண்டதற்கு வாசலிலே இருக்கிறவர் என்ன செய்வார்? (கைதட்டல்) கூட்டத்தைக் குறைக்க அவரைக் கூப்பிட்டது தப்பு. அந்தக் காதுவலிக்காரனை வேண்டாத ஊசியிலிருந்தும் வேண்டாத செலவிலிருந்தும் காப்பாற்ற அவரைக் கூப்பிடுங்கள் என்பதுதான் எங்கள் கட்சி.

எதிரணியிலே ஒரு தம்பி கேட்டார்: "குடும்பமே தெரியாதவர் எப்படி ஐயா குடும்ப டாக்டர்?" இது என்னைக் குத்திய கேள்வி. உண்மைதான். என் பேரனுக்குப் போன மாசம் என்ன வந்தது என்று ஆஸ்பத்திரி வாசலிலே உட்காருகிறவருக்குத் தெரியாது. தெருமுனை டாக்டரின் பாதி பலம் அங்கே போய்விடும். மீதிப் பாதி, அதாவது சாதாரண நோயைச் சாதாரணமாகப் பார்க்கும் கண், அவரோடு வருமே! அது ராத்திரி பதினொரு மணிக்குக் கிடைத்தால் போதாதா?

டாக்டர் வாசலிலேயே இருந்தால் தலைவலிக்குக்கூட இங்கே வந்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. அதனாலேதான் பகலிலே வேண்டாம் என்கிறேன், தெரு டாக்டர்கள் பூட்டிய பிறகு போதும். இன்னொன்று, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்று வருகிறவர் இவர் மேஜைக்கே வரக்கூடாது. நர்ஸ் முதலில் பிரித்து நேரே உள்ளே அனுப்பிவிட வேண்டும். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்திலே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை ஏற்கெனவே வந்துவிட்டது.

நடுவர் அவர்களே, மணி அடிச்சுட்டீங்க. அரை நிமிஷம். அந்தப் பச்சைப் பகுதியிலே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, காது பார்க்கிற விளக்கு ஒண்ணு. ராத்திரி ஒன்பது மணியிலிருந்து விடியற வரைக்கும் குடும்ப மருத்துவம் படிச்ச ஒரு டாக்டர். எங்கள் அணி கேட்பது இவ்வளவுதான்.