காலமும் சுருதியும் கணினியும்: மின்னிசையாக்கம் குறித்து ஓர் உரை



மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் மின்னிசையைப் பொருளாக எடுத்துக்கொள்வது சிலர்க்கு வியப்பளிக்கலாம். 'புரோகிரசிவ் ஹவுஸ்', 'டிரான்ஸ்' என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே, இவை இரவுக் கூடங்களுக்கு உரியவை, மொழிக்கும் இவற்றுக்கும் என்ன உறவு என்று வினவுவோர் உளர். ஆயினும் குனோங் ராபாட்டிலும் ஈப்போவின் பிற பகுதிகளிலும் மடிக்கணினியின் முன் அமர்ந்து இசையமைக்க விழையும் பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலேயே இருக்கின்றனர். அவர்கள் செய்வதைத் தமிழில் எடுத்துரைக்கச் சொல் இல்லையெனில், ஆசிரியரும் மாணவரும் அதைப் பற்றி உரையாட இயலாது. உரையாட இயலாத ஒன்றை 'வெறும் இரைச்சல்' என ஒதுக்கிவிடுவது நமக்கு எளிதாகிவிடுகிறது. அவ்வாறு ஒதுக்கப்படும் பிள்ளை தன் கலையையும் தமிழையும் இரு வேறு உலகங்களாகக் கருதத் தொடங்குகிறான். இவ்வுரை அவ்விரண்டுக்கும் இடையே ஒரு பாலம் அமைக்கும் சிறு முயற்சியாகும்.

முதற்கண், இவ்விசை முற்றிலும் அயலார் சொத்து என்னும் எண்ணத்தை ஆராய்வோம். 'ஹவுஸ்' 1980களில் சிகாகோ நகரில் வளர்ந்தது. 'டிரான்ஸ்' 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருப்பெற்றது. இவை உண்மை. ஆனால் 1982ஆம் ஆண்டு பம்பாயில் சரண்ஜித் சிங் என்னும் திரையிசைக் கலைஞர் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்கருவிகளைக் கொண்டு பைரவ், லலித், யமன் முதலிய பத்து இராகங்களைச் சீரான இயந்திரத் தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். அக்கருவிகளுள் ஒன்றான டிபி-303 கொண்டு சிகாகோ இளைஞர்கள் 'ஆசிட் ஹவுஸ்' என்னும் வகையைப் படைத்து வெளியிட்டது 1987இல்தான். சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு அன்று கவனிப்பாரற்றுக் கிடந்து, 2010இல் மறுபதிப்புக் கண்ட பின்னரே உலகின் பார்வைக்கு வந்தது. அவரிடமிருந்து சிகாகோவினர் கற்றனர் என்று நாம் கூறவில்லை. இராக மரபும் மின்கருவியும் தம்முள் பகையல்ல என்பதற்கு அத்தட்டு சான்றாக நிற்கிறது.

இனி ஆக்கமுறைக்கு வருவோம். இவ்விசையின் முதுகெலும்பு காலக்கணக்கு. நிமிடத்திற்கு 128 அடி என்று கொள்வோமாயின், ஓர் அடிக்கு 0.47 வினாடி அளவாகிறது. நான்கு அடி கொண்டது ஒரு பகுதி. முப்பத்திரண்டு பகுதிகள் சேர்ந்தால் சரியாக ஒரு நிமிடம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை இங்கே பொருத்தினால், ஓர் ஆவர்த்தனம் இரு பகுதிகளுக்கு இணையாகும். எனவே கையால் தாளம் போடத் தெரிந்த மாணவன் இவ்விசையின் எலும்புக்கூட்டை ஏற்கெனவே அறிந்தவனே.

இவ்வெலும்புக்கூட்டின்மேல் ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதே 'புரோகிரசிவ்' என்னும் முறை. முதலில் 'கிக்' முரசு. எட்டு அல்லது பதினாறு பகுதிகள் கழிந்தபின் கீழ்த்தாயி ஒலி. பின்னர் சிறு தாளக்கருவிகள். அதன் பின்னரே இன்னிசை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில், மாதவியின் ஆடலுக்குக் குழல், யாழ், தண்ணுமை, முழவு, ஆமந்திரிகை ஆகியவை ஒன்றையொன்று தொடர்ந்து இணையும் ஒழுங்கை இளங்கோவடிகள் காட்டுகிறார். கேட்போரின் செவி ஒவ்வொரு கருவியையும் தனியே அறிந்துகொண்ட பிறகே அடுத்தது நுழைய வேண்டும் என்னும் நுட்பம் இரண்டிற்கும் பொது. தொடக்கநிலை மாணவர் எல்லா ஒலிகளையும் முதல் நிமிடத்திலேயே கொட்டிவிடுவர். பின்னர்ச் சொல்வதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை.

டிரான்ஸ் இசையில் இடையே முரசு நின்று, இன்னிசை மட்டும் தனித்து ஒலிக்கும். பின்னர்ச் சிறுபறை ஒலி அடிக்கு ஒன்றாகத் தொடங்கி, இரண்டாகி, நான்காகி, எட்டாகப் பெருகும். அது உச்சத்தைத் தொட்டதும் முரசு மீண்டும் இறங்கும். இங்கே தாளத்தின் வேகம் மாறுவதே இல்லை. அதனுள் அடங்கும் ஒலிகளின் எண்ணிக்கையே இரட்டிக்கிறது. முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று நம் இசையாசிரியர்கள் சொல்லிக்கொடுப்பதும் இதனையே.

அடுத்து ஒலியின் நிறம். வடிப்பான் என்னும் கருவி ஓர் ஒலியின் மேற்பகுதியை அடைத்து, மெல்லத் திறந்துவிடும். அடைத்திருக்கும்போது 'ஊ' என்பது போலவும், திறக்குந்தோறும் 'ஓ', 'ஆ' என்பன போலவும் அது கேட்கும். தொல்காப்பியப் பிறப்பியல் அகர ஆகாரங்களை அங்காப்பாலும், உகர ஊகாரங்களை இதழ்குவிவாலும் பிறப்பன என வகுத்திருப்பதை நாம் அறிவோம். வடிப்பானைத் திருகும் மாணவன் கணினிக்குள் ஒரு வாயைத் திறந்து மூடுகிறான் என்று விளக்கினால் அவனுக்கு உடனே விளங்கும்.

டிரான்ஸ் இசைக்கே உரிய அகன்ற ஒலி, 1996இல் வெளிவந்த ஜேபி-8000 என்னும் கருவியால் புகழ்பெற்றது. ஒரே சுரத்தை ஏழு அலைகள் சற்றே விலகிய சுருதியில் ஒலிக்கும். 440, 442 என்னும் இரு அதிர்வெண்கள் ஒருங்கே ஒலித்தால் வினாடிக்கு இரு முறை ஒலி எழுந்து தணியும். ஏழு அலைகள் சேர்ந்தால் அது கடலலை போல் விரியும். திருமுறையைப் பலர் கூடிப் பாடுகையில் உண்டாகும் அகலமும் இத்தகையதே. விலகல் அளவு மீறினால் அபசுரமாகும் என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

முரசும் கீழ்த்தாயியும் ஒரே ஒலிப்பகுதியில் இயங்குவதால் ஒன்றையொன்று மறைக்கும். ஆகவே முரசு ஒலிக்கும் கணத்தில் கீழ்த்தாயி தானே தணிந்து வழிவிடுமாறு அமைப்பர். உயிரெழுத்து வருகையில் குற்றியலுகரம் விலகி, நாடு, இது என்னும் சொற்கள் 'நாடிது' எனப் புணர்வதை இங்கு நினைவுகூரலாம். தணிந்த ஒலி அடுத்த அடிக்குள், அதாவது அரை வினாடிக்குள், மீண்டெழ வேண்டும். காலம் தாழ்த்தினால் பாட்டு முழுதும் வலுவிழக்கும்.

எதிரொலிக்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளும் குகைகளும் இயற்கை தந்த ஒலிக்கூடங்கள். வெற்றுக் குகையில் ஒரு பலூனை உடைத்து, அவ்வொலி தேய்ந்து மறைவதைப் பதிவு செய்தால், அப்பதிவைக் கொண்டு மென்பொருள் எந்தக் குரலையும் அக்குகைக்குள் ஒலிப்பது போல் ஆக்கித்தரும். வழிபாட்டுக்குரிய குகையாயின் முறைப்படி இசைவு பெறுதல் கடமை.

இறுதியாக, 'டிரான்ஸ்' என்னும் பெயரே தன்னை மறந்த நிலையைக் குறிப்பது. தோட்டப்புறத் திருவிழாக்களில் உருமி ஒலிக்க அருள் வந்து ஆடியோரை நம் முன்னோர் கண்டிருக்கின்றனர். இரண்டும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. உருமிக் கலைஞர் ஆடுபவரின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். கணினியின் கடிகாரம் யாரையும் பார்ப்பதில்லை. அருள் என்பது வழிபாட்டைச் சார்ந்தது. கூடத்து ஆட்டம் மகிழ்ச்சியைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவனே இரண்டையும் மதிப்பான்.

இங்குதான் நம் கவலையும் பிறக்கிறது. பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்தும் மறைந்தபோது, லயங்களில் வாழ்ந்தோர் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்களோடு வந்த உருமி, தப்பு அடவுகள் பல முதியவர்களின் கைகளில் மட்டுமே தங்கியுள்ளன. விலைக்குக் கிடைக்கும் ஆயத்த ஒலித்துண்டுகளை வாங்கி ஒட்டுவதைவிட, அம்முதியவர்களிடம் சென்று, அவர்தம் இசைவோடு பதிவு செய்து, பெயரையும் ஊரையும் குறித்து, வருவாய் உண்டாயின் பங்கும் தருவதே அறம். அவ்வாறு செய்தால் இசைக்குப் புதிய உயிர் கிடைக்கும். ஊருக்கு ஓர் ஆவணமும் கிடைக்கும்.

சொற்களைப் பற்றி ஒரு கருத்துடன் நிறைவு செய்கிறோம். எல்லாவற்றுக்கும் புதுச்சொல் புனைய வேண்டுவதில்லை. 'கிக்', 'டிரான்ஸ்' போன்றவை தமிழ் எழுத்தில் அப்படியே வழங்கலாம். சுருதி, காலம், ஆவர்த்தனம், தாயி, அடுக்கு, வடிப்பான் என ஏற்கெனவே உள்ளவற்றைத் துணிந்து பயன்படுத்துதல் வேண்டும். ஆசிரியர்கள் தம் வகுப்பில் ஒரு மாணவனையேனும் அழைத்து, அவன் அமைத்த இசையைத் தமிழில் விளக்கச் சொல்லுமாறு வேண்டுகிறோம். அவன் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் மன்றம் அடுத்துச் செய்ய வேண்டிய கலைச்சொற் பணி அவ்விடங்களிலிருந்தே தொடங்கும்.