வானொலியும் ஸங்கீத ரக்ஷணையும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வானொலி நடத்துவது வியாபாரமா, தர்மமா என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நாதஸ்வரத்தையும் தவிலையும் குலத்தொழிலாகக் கொண்ட நமக்கு இஃது அயலார் விஷயமன்று.

1952ஆம் வருஷத்தில் மத்திய ஸர்க்காரின் செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய ஸங்கீதத்தை ஜனங்களின் செவிக்குக் கொண்டு சேர்ப்பது அரசாங்கத்தின் பொறுப்பென்று நம்பியவர். முன்னே சமஸ்தானாதிபதிகள் வித்வான்களை ஆதரித்தார்கள். சமஸ்தானங்கள் மறைந்தபின் அக்கடனை ஏற்பார் யார்? வானொலியே ஏற்கட்டும் என்றார். அவ்வருஷமே தேசிய ஸங்கீத நிகழ்ச்சி தொடங்கிற்று. தென்னாட்டு வித்வானை வடநாட்டாரும், வடநாட்டு வித்வானை நாமும் கேட்கலானோம்.

இதுவரையில் நன்று. ஆனால் அவர் கொடுப்பதோடு நில்லாமல் தடுக்கவும் புகுந்தார். ஸினிமாப் பாட்டுக்களின் நேரத்தைக் குறுக்கினார். படத்தின் பெயரையும் சொல்லலாகாதென்றார். பட முதலாளிகள் சினந்து, பாட்டுக்களுக்கு அளித்திருந்த அநுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஜனங்கள் உடனே ராகம் கேட்க உட்கார்ந்துவிட்டார்களா? இல்லை, பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள்! யுத்த காலத்தில் நிறுவப்பட்ட பலத்த ஒலிபரப்புக் கருவி இலங்கை வானொலிக்கு வாய்த்திருந்தது. விளம்பரக் காசையும் வாங்கிக்கொண்டு, ஹிந்திப் பாட்டும் தமிழ்ப் பாட்டுமாக அது பொழிந்தது. பலகாரத்தைப் பிடுங்கிக்கொண்டால் குழந்தை கஷாயத்தை விரும்பிக் குடிக்குமோ? கடைசியில் 1957 அக்டோபர் 3ஆம் தேதி, ஸர்க்காரே 'விவித பாரதி' என்னும் தனிச் சேவையைத் தொடங்க நேர்ந்தது.

ஆயினும் அவர் காலத்துக் காரியம் ஒன்றை நான் போற்றுவேன். வித்வான்களைப் பரீட்சித்துத் தரம் பிரிக்கும் ஏற்பாடே அது. 'எங்களுக்குமா பரீட்சை?' என்று பெரியவர் பலர் வெகுண்டார்கள். அதில் நியாயமும் இல்லாமலில்லை. ஆனால் ஆதரிப்பாரற்ற இளைஞனுக்கு அஃதொரு வாயில். வாசிப்பைக் காதால் கேட்டுத் தரம் சொல்லும் இடத்தில், இவன் யார் பிள்ளை, எவர் சிபாரிசு என்ற கேள்விக்கு இடமிருத்தலாகாது. பி, பி-ஹை, ஏ, டாப் என்னும் தரங்கள் இன்றும் வழங்குகின்றன.

1997 முதல் வானொலியும் தூரதர்ஷனும் பிரசார் பாரதி என்னும் சட்டபூர்வமான சபையின் கீழ் இருந்து வருகின்றன. தனியார் எப்.எம். நிலையங்கள் விளம்பரத்தால் ஜீவிப்பவை. ஒரு மணி நேரத் தோடி ஆலாபனையை அவை வைக்கமாட்டா. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஜனங்களின் வரிப்பணத்தைப் பெறும் நிலையமே அதை வைக்கவேண்டும். வைக்கும்படி நாமும் கேட்கவேண்டும். விடியற்காலையில் மங்கள இசை வைப்பதோடு நாதஸ்வரத்தின் பங்கு முடிந்ததாகக் கருதலாகாது. இரவுக் கச்சேரிகளிலும் இடமளிக்குமாறு சங்கத்தின் பேரால் நிலையங்களுக்கு விண்ணப்பம் அனுப்பலாமென்பது என் யோசனை. வாசிப்புப் பழகிய பிள்ளைகள் தரப் பரீட்சைக்கு மனுச் செய்யட்டும், பெண்மக்களையும் அனுப்புங்கள்.