விரிசல் விட்ட அன்றே பேசுவோம்



கங்காதர நெல்லூரில் கூடியிருக்கும் உங்களில் பாதிப் பேராவது காளத்திக்குப் போய் வந்திருப்பீர்கள். கிருஷ்ணதேவராயர் 1516ல் எழுப்பிய அந்த ஏழுநிலைக் கோபுரம் 2010 மே 26 இரவில் சரிந்து, கல்லும் மண்ணுமாகக் குவிந்தது. அது ஒரே நாளில் வந்த சாவா? இல்லை, தோழர்களே! கோபுரத்தில் விரிசல் இருந்தது ஊரறிந்த செய்தி. நாமும் அதைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு வந்தோம். விரிசல் வாய் பிளந்த பிறகு ஆட்களை அப்புறப்படுத்த நேரம் இருந்தது. கோபுரத்தைக் காப்பாற்ற நேரம் இல்லை. அதே இடத்தில் புதுக் கோபுரம் எழுந்து, 2017ல் குடமுழுக்கும் நடந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் போன ஐந்நூறு ஆண்டை எந்தக் கான்ட்ராக்டர் கட்டித் தருவார்?

திருமலையில் நடந்தது வேறு கதை. கோயிலுக்கு எதிரே நின்ற விஜயநகர காலத்து ஆயிரங்கால் மண்டபத்தை 2003ல் இடித்தார்கள். கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்றார்கள். நெரிசல் உண்மைதான், அதில் நசுங்கி வந்தவன்தான் நானும். அதற்காகச் சிற்பத் தூண்களைச் சாய்ப்பதா என்று எதிர்ப்புக் குரல் எழுந்தது. பலனில்லை.

சந்திரகிரி ராஜமகால் மட்டும் எப்படி நிற்கிறது? தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, அதனால் நிற்கிறது. நம் ஊர்க் குளக்கரை மண்டபத்துக்கும், பாழடைந்த சத்திரத்துக்கும் அந்தப் பட்டியலில் இடம் ஏது? அறநிலையத் துறை பார்க்கும் என்று ஊரும், ஊர் பார்க்கும் என்று துறையும் இருந்தால் கடைசியில் பார்ப்பது ஆலமரத்து வேர்தான்!

1911ல் தனி மாவட்டம் ஆகும்வரை சித்தூர் வட ஆர்க்காட்டின் தலைநகர். இந்த வட்டாரத்துக் கோயில் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு, தெலுங்குக் கல்வெட்டும் உண்டு. எது யாருடையது என்று பங்கு பிரிக்க நான் வரவில்லை. சுவர் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். திருமலைக் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1931 முதல் படியெடுத்து நூலாக அச்சிட்டது. அதனால் அந்த எழுத்துக்கள் பிழைத்தன. நம் ஊர்ச் சுவரில் இருப்பதை யார் படியெடுத்தார்கள்? திருவிழாவுக்குத் திருவிழா அதன்மேல் சுண்ணாம்பு அல்லவா ஏறுகிறது!

சித்தூர், திருப்பதி இரு மாவட்டங்களிலும் உள்ள பழங்கட்டடங்களுக்கு ஊர்வாரிப் பட்டியல் வேண்டும். பொறியாளர் அறிக்கையைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஊரைக் கேட்காமல் ஒரு தூணையும் அசைக்கக் கூடாது. இதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம். வரும் ஞாயிறன்று உங்கள் ஊர் மண்டபத்துக்குப் போங்கள். எந்தத் தூண் சாய்ந்திருக்கிறது, எங்கே தண்ணீர் இறங்குகிறது என்று எழுதுங்கள். மறுநாள் அதையே மனுவாகக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்!