பிளஸ் ஒன்ல தமிழா, பிரெஞ்சா?

போன மாசம் என் சித்தப்பா பொண்ணு போன் பண்ணா. பத்தாவது ரிசல்ட் வந்து பிளஸ் ஒன் அட்மிஷன் நடந்துட்டிருந்த நேரம். "அண்ணா, தமிழா, பிரெஞ்சா? திங்கட்கிழமைக்குள்ள ஃபார்ம் கொடுக்கணும். பிரெஞ்சுன்னா மார்க் அள்ளலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

சென்னையில படிச்ச நிறைய பேருக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான். தமிழ்நாட்டுல 2006-ல வந்த சட்டப்படி பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயம். பிளஸ் ஒன்ல தமிழுக்குப் பதிலா வேற மொழி எடுக்கலாம், ஸ்கூல்ல அதுக்கு டீச்சர் இருந்தா. இங்கிலீஷ் எப்படியும் உண்டு. அப்போ பிரெஞ்சுங்கிறது நமக்கு ரெண்டாவது அந்நிய மொழி.

நானும் 2012-ல இதே காரணத்துக்காகத்தான் பிரெஞ்சு எடுத்தேன். அப்போ ஒரு பேப்பருக்கு 200 மார்க், மொத்தம் 1200. பிரெஞ்சுல 193 வாங்கினேன். வீட்டுல ஒரே சந்தோஷம். ஆனா இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட்-ஆஃப் எப்படிப் போடுறாங்க? கணக்குக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200. மொழிப்பாட மார்க் அதுல வரவே வராது. எனக்கு சீட் கிடைச்சதுக்கும் அந்த 193-க்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

சரி, மொழியாவது வந்துச்சான்னு கேட்டா, அதுக்கும் ஒரு கதை இருக்கு. முதல் வேலையில லியோன்ல இருந்து ஒரு கிளையன்ட். என் ரெஸ்யூமேல "பிரெஞ்சு"ன்னு பார்த்த மேனேஜர், "காலை நீயே ஆரம்பி"ன்னுட்டார். "போன்ஜூர், கொமோன் தலே வூ?"ன்னு கெத்தா கேட்டேன். அந்தப் பக்கம் ஒருத்தர் குஷியாகி ஒரு நிமிஷம் விடாம பேசினார். எனக்கு ஒரு வார்த்தை புரியல. மைக்க மியூட் பண்ணிட்டு, நெட் போயிடுச்சுன்னு சாட்ல டைப் பண்ணேன். இங்கிலீஷ்ல.

காரணம் ரொம்ப சிம்பிள். ரெண்டு வருஷத்துல எங்க கிளாஸ்ல ஒரு நாள் கூட யாரும் பிரெஞ்சுல பேசல. கேள்வி-பதில் மனப்பாடம், கோடிட்ட இடத்தை நிரப்பு, அவ்ளோதான்.

இந்தப் பக்கம் தமிழ் பத்தாவதோட நின்னுடுச்சு. இப்போ தமிழ்ல பாட்காஸ்ட் பண்றேன். நீங்க படிக்கிற இந்த டிரான்ஸ்கிரிப்ட்ல ர, ற சரியா இருக்குன்னா அது என் ஃப்ரெண்ட் திருத்தினது.

இதையெல்லாம் அவகிட்ட சொல்லிட்டு ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். வாரத்துக்கு அஞ்சு பீரியட், ஒண்ணு 40 நிமிஷம். வருஷத்துக்கு 35 வாரம்னு வெச்சா, ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட 230 மணி நேரம். ஐரோப்பாவுல மொழித் திறமைய ஏ1-ல இருந்து சி2 வரைக்கும் ஆறு படியா பிரிப்பாங்க. ஒழுங்கா பேசிப் பழகினா, 230 மணி நேரத்துல ரெண்டாவது படியான ஏ2 பக்கம் போயிடலாம். கடையில, பஸ்ல, பக்கத்து வீட்டுல சமாளிக்கிற அளவு. பிரான்ஸ்ல பிரெஞ்சு வழியில டிகிரி படிக்கப் பெரும்பாலும் பி2 கேட்பாங்க. அதுக்கு இன்னும் பல நூறு மணி நேரம் ஆகும். அதை ஸ்கூல்லயேதான் பண்ணணும்னு இல்ல. நுங்கம்பாக்கத்துல அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கு, ஜெர்மன்னா மேக்ஸ் முல்லர் பவன் இருக்கு. வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் போய்ப் படிக்கிறவங்க எத்தனையோ பேர்.

"அதனால மார்க்க விடு. இந்த 230 மணி நேரத்த நீ யார்கூட பேசப் போற?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னா: "பாண்டில ஆயா வீட்டுப் பக்கத்துல ஒரு தாத்தா இருக்காருல்ல?"

எங்க சித்தி ஊர் புதுச்சேரி. அந்தத் தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர், இன்னும் அங்கிருந்துதான் பென்ஷன் வருது. லீவுக்குப் போகும்போதெல்லாம் இவளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிக் கொடுப்பாராம். "அவரோட பசங்க எல்லாம் பாரிஸ்ல. அவர்கூட பிரெஞ்சுல பேச ஆளே இல்லண்ணா."

மார்க் பேச்சுக்குப் பின்னாடி இப்படி ஒரு காரணம் வெச்சிருந்திருக்கா. எனக்கு 2012-ல அப்படி எதுவுமே இல்ல. "அப்போ எடு"ன்னு சொன்னேன். ரெண்டு கண்டிஷன் போட்டேன். வாரா வாரம் எனக்கு பிரெஞ்சுல ஒரு வாய்ஸ் நோட் அனுப்பணும். மாசம் ஒரு தமிழ் புத்தகம் படிக்கணும்.

அவளும் பதிலுக்கு ஒண்ணு போட்டா: "நீங்களும் பிரெஞ்சுலதான் ரிப்ளை பண்ணணும். அந்தப் புத்தகத்த நீங்களும் படிக்கணும்."

முதல் வாய்ஸ் நோட் நேத்து வந்துச்சு. 14 செகண்ட். மூணு தடவை கேட்டேன், பாதிதான் புரிஞ்சுது. ரிப்ளை இன்னும் அனுப்பல. இந்த எபிசோட முடிச்சிட்டு அதுக்குத்தான் உட்காரப் போறேன்.

உங்க வீட்டுலயும் யாராவது இந்த ஃபார்ம கையில வெச்சிட்டு உட்கார்ந்திருந்தா, யார்கூட பேசப் போறன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.