கயிறு கற்பித்த தமிழ்

(பள்ளித் தமிழ் மன்ற ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

 

மேடையின் ஓரத்தில் பலகைமேல் நிற்கும் சிறு பாய்க்கப்பலை எல்லீரும் கண்டிருப்பீர்கள். அதனைக் கட்டியவர்கள் நம் பள்ளி மாணவர் அறுவர். அவர்க்கு வழிகாட்டியவன் நான் என்று அழைப்பிதழில் அச்சாகியுள்ளது. அது பிழை. அம் மாணவரும் அக் கப்பலும் எனக்கு வழிகாட்டினர் என்பதே உண்மை. அதனை மறையாது உரைக்கவே இங்கு நிற்கின்றேன்.

முப்பது ஆண்டுகளாகப் புறநானூறு நடத்தி வருகின்றேன். சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய பாட்டொன்றில், பெருங்கலம் ஒன்று புகாருக்குள் நுழையும் காட்சி வருகின்றது. கூம்பையும் மேற்பாயையும் களையாமல், ஏற்றிய சுமையையும் குறைக்காமல், அது ஆற்றுமுகத்துள் புகுகின்றதாம். 'கூம்பு என்பது பாய்மரம். மீப்பாய் என்பது மேற்பாய். சோழநாட்டின் வளம் கூறப்பட்டது' என்று கரும்பலகையில் எழுதி, அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன்.

இரண்டாண்டுகட்கு முன் ஒரு மாணவன் எழுந்தான். கடற்கரைக் குடியிற் பிறந்தவன். "ஐயா, ஊன்றி நிற்கின்ற கூம்பை எப்படிக் களைவார்கள்? துறைக்குள் வரும்போது அதை ஏன் களைய வேண்டும்?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "நாளைச் சொல்கின்றேன்" என்றேன். அந்த நாளை வருவதற்கு ஓராண்டு ஆயிற்று. நூல்களைப் புரட்டினேன், சொற்பொருள் கிடைத்தது, செயல் கிடைக்கவில்லை. ஒரு கப்பலைச் சிற்றுருவாகக் கட்டிப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

இது சிறுவர் விளையாட்டன்று. இங்கிலாந்தின் கடற்படைக் கப்பல்களுக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே சிற்றுருக்கள் செய்தனர். அடிப்புறத்துப் பலகையை மூடாமல் விட்டு, உள்ளிருக்கும் வங்குக்கால்கள் தெரியுமாறு அமைத்தனர். 1793 முதல் 1815 வரை நிகழ்ந்த போர்களில் அங்கே சிறைப்பட்ட பிரெஞ்சு வீரர்கள், தங்கள் உணவில் எஞ்சிய மாட்டெலும்பைச் செதுக்கிக் கப்பல் செய்து விற்றனர். சுவீடன் நாட்டின் 'வாசா' என்னும் போர்க்கப்பல் 1628இல் தன் முதற்செலவிலேயே கவிழ்ந்தது. 1961இல் மேலே எடுக்கப்பட்டது. அதன் பாய்கள் பத்தில் ஆறு மடித்து வைத்தபடியே கிடைத்தன. இசுட்டாக்கோம் அருங்காட்சியகத்தில் மெய்க்கப்பலின் எதிரே பத்தில் ஒரு பங்கு அளவில் அதன் சிற்றுரு பாய் விரித்து நிற்கின்றது. சிதைந்துபோன கயிறுகள் எங்கெங்கு ஓடின என்பதை அச் சிற்றுருவில் காணலாம்.

நாங்கள் எந்தக் கப்பலைக் கட்டுவது? நெடுந்தொலைவு தேட வேண்டியிருக்கவில்லை. ஈழத்து வல்வெட்டித்துறையில் தமிழ்க் கைவினைஞர் கட்டிய 'அன்னபூரணி' என்னும் இருகூம்புக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட்டு இராபின்சன் விலைக்கு வாங்கினார். 1937இல் தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் அதனைச் செலுத்திச் சென்றனர். செங்கடல், நடுநிலக்கடல், அத்திலாந்திக்குப் பெருங்கடல் எல்லாம் கடந்து, 1938 ஆகசுட்டுத் திங்களில் அமெரிக்காவின் குளோசுடர் துறையில் அது நங்கூரம் இட்டது. அதன் நீளம் 89 அடி. நிழற்படங்களைக் கொண்டு எங்களால் இயன்ற அளவு அவ்வுருவை நெருங்கினோம்.

48இல் ஒரு பங்கு என்று அளவு வகுத்துக்கொண்டோம். 89 அடிக் கப்பல் இருபத்திரண்டேகால் அங்குலம் ஆயிற்று. ஐந்தரை அடி ஆள் அதில் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவாக நிற்பான். கப்பற்கயிற்றைச் சுற்றளவால் குறிப்பது கடலோடிகள் வழக்கம். ஆறு அங்குலச் சுற்றளவுள்ள வடம் எங்கள் அளவில் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள நூல். எல்லாவற்றுக்கும் ஒரே நூலைக் கட்டினால் கப்பல் பொய்யாகிவிடும். ஆகவே மெல்லிய பருத்திநூலை மும்மூன்று புரியாக முறுக்கி, வேறு வேறு பருமனில் கயிறு திரித்தோம். கூம்பைத் தாங்கி அசையாமல் நிற்கும் கயிறுகள் கீல் பூசியவை. அவற்றுக்குக் கருநிறம் ஏற்றினோம். பாயை ஏற்றவும் இறக்கவும் ஓடும் கயிறுகளை வெளிர்நிறத்திலேயே விட்டோம். இத்தனை ஆண்டும் நூல் கற்றவன் நான். அப்போதுதான் நூல் திரிக்கக் கற்றேன்.

முதற்பிழை கூம்பிலேயே நேர்ந்தது. கூம்பை முன்புறம் இழுத்து நிற்கும் வடத்தை முதலில் மாட்டி, இருபக்கத்து வடங்களைப் பின்னர் மாட்டினோம். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆனால் முறை அதுவன்று. பக்கவடங்களை இணை இணையாக வலமும் இடமும் மாற்றி மாற்றிக் கூம்பின் தலையில் முதலில் மாட்ட வேண்டும். முன்வடத்தின் வளையம் அவற்றின்மேல் வந்து அமர வேண்டும். பத்து நாள் வேலையை அறுத்தெறிந்தோம். ஒரு மாணவன் கண்ணீர் விட்டான். பக்கவடங்களின் குறுக்கே ஏறுபடிக் கயிறுகள் கட்டுவது அதனினும் பொறுமை வேண்டும் வேலை. மெய்க்கப்பலில் படிக்குப் படி ஏறத்தாழ 15 அங்குலம்; இங்கே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. ஒவ்வொரு வடத்திலும் ஒரு முடிச்சு. அவற்றை எண்ணினோமில்லை, விரல்நுனிகள் எண்ணியிருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று எண்ணிய நாளில், தூத்துக்குடிப் பாய்த்தோணிகளில் இளமையைக் கழித்த முதிய தண்டல் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். எண்பதை நெருங்கியவர். நெடுநேரம் குனிந்து பார்த்தார். பின்னர் ஒரு முளையைச் சுட்டி, "வாத்தியார் ஐயா, இந்த ஒரே முளையிலே மூன்று கயிற்றைக் கட்டியிருக்கிறீர்களே. நடுஇரவு, மழை, கண் தெரியாது. பையன் எதை அவிழ்ப்பான்?" என்றார்.

நாங்கள் வாயடைத்து நின்றோம். அவரே தொடர்ந்து விளக்கினார். கப்பலில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் மாறுவதில்லை. இருளில் கை நீட்டினால் அது அங்கே இருந்தாக வேண்டும். அதுபோலவே ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பாயை ஏற்றுவது ஆஞ்சான். பாயின் மூலையைப் பிடித்திழுப்பது தாமான். காற்றிரைச்சலுக்கு இடையே தண்டல் ஒரு சொல்தான் கூவுவான். அச்சொல் தவறினால், அல்லது கேட்டவன் அதனை அறியாவிட்டால், கவிழ்வது கலம், போவது உயிர்.

பெருமக்களே! அப்போது என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். கயிறுகளுக்கெல்லாம் வீட்டில் அமர்ந்து நானே பெயர் ஆக்கி வைத்திருந்தேன். 'முன்கூம்பு மேற்குறுக்குமரத் தூக்குகயிறு' என்பது அவற்றுள் ஒன்று! தூய தமிழ்தான், இலக்கணப் பிழை இல்லைதான். அதனை ஒருவன் கூவி முடிப்பதற்குள் கப்பல் கடலடியில் கிடக்கும். இரண்டசைச் சொல் ஒன்று கடற்கரையில் நெடுங்காலமாக வழங்கி வர, அதனைக் கேட்டறியாமல் நான் சொல்லாக்கம் செய்துகொண்டிருந்தேன். நாணினேன். அன்றே அவ்வேட்டை மூடி வைத்தேன்.

இனி அம் மாணவன் வினாவுக்கு வருகின்றேன். வினாவின் முதற்பகுதிக்குத் தண்டல் விடை தந்தார். கூம்பு தன் அடியினால் மட்டும் நிற்பதன்று; சுற்றியுள்ள வடங்களே அதனை நிறுத்துகின்றன. அவற்றை முறையாகத் தளர்த்தினால் சிறுகலத்தில் கூம்பையே சாய்த்துவிடலாம். பெருங்கலத்தில் மேற்கூம்பு தனித்துண்டாக இருந்தால் அதனை மட்டும் இறக்கலாம். ஏன் இறக்க வேண்டும்? ஆற்றுமுகத்தில் மணல்மேடு உண்டு, நீரோட்டம் உண்டு, திரும்ப இடம் குறைவு. பாய் விரித்துப் புகுந்தால் காற்று ஒரு பக்கம் தள்ளும். சுமை குறையாமல் புகுந்தால் அடி மணலில் தட்டும். ஆகவே பாய் களைவார்கள். படகுகளில் சுமையை இறக்குவார்கள். இவை எதுவும் வேண்டாமல் ஒரு பெருங்கலம் அப்படியே நுழைந்தது என்றால், அத் துறை அத்துணை ஆழமும் அகலமும் உடையது என்பது பொருள். புலவர் வெறும் வளம் பாடவில்லை. துறையின் ஆழத்தை அளந்து கூறியிருக்கின்றார். முப்பது ஆண்டுகள் அப்பாட்டை நான் மேலோட்டமாகக் கடந்து சென்றிருக்கின்றேன்.

அத் தண்டலின் வாய்மொழியாக நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்களை மாணவர்கள் எழுதி வைத்துள்ளனர். கலத்தின் அடிமரம் ஏரா, முன்புறம் அணியம். இப்படி நீள்கின்றது பட்டியல். சில சொற்கள் என் அகரமுதலியில் இல்லை. சுக்கான் அரபுச்சொல், நங்கூரம் பாரசீகச்சொல் என்பதையும் மறையாமல் பக்கத்தில் குறித்துள்ளோம். கடல் பல மொழியினரும் கூடும் தெரு. நாம் பெற்றதும் உண்டு. கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலன் பெற்றதும் உண்டு. எது நம்முடையது என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், முதலில் எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும்.

அவ்வாறு கேட்பதற்கு நமக்கு நெடுங்காலம் இல்லை. பாயை மட்டும் நம்பிக் கடலோடிய தலைமுறையில் எஞ்சியோர் சிலரே. தோணியில் பொறி பூட்டிய பின் ஆஞ்சானுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கயிற்றுக்குப் பெயரும் நிலைக்காது. அகரமுதலியில் அச்சொல் இருந்தால் போதாதா என்பீர்கள். என் நெஞ்சில் 'மீப்பாய்' முப்பது ஆண்டு இருந்தது, என்ன பயன்? பொருளைத் தொட்டுக் காட்டச் சிறு கலம் ஒன்று வேண்டும். பெயரைச் சொல்ல வாய் ஒன்று வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சொல் உயிரோடு இருக்கும்.

ஆகவே கடற்கரை ஊர்ப் பள்ளிகளின் ஆசிரியத் தோழர்களை ஒன்று வேண்டுகின்றேன். பள்ளிக்கொரு சிற்றுருக் கலம் கட்டுங்கள். மரத்துண்டும் பருத்திநூலும் பசையும் போதும். கட்டி முடித்ததும் உங்கள் ஊர் முதிய கடலோடி ஒருவரை அழைத்து வாருங்கள். அவர் பிழை காட்டும்போது ஏடும் எழுதுகோலுமாக அருகில் நில்லுங்கள்.

அம் மூன்று கயிறுகளையும் அவிழ்த்துத் தனித்தனி முளையில் கட்டிவிட்டோம். விழா முடிந்ததும் அருகில் சென்று பாருங்கள். ஆஞ்சான் எது என்று கேட்டால், அந்த அறுவரில் எவனும் கண்ணை மூடிக்கொண்டு கைவைத்துக் காட்டுவான்.