தந்தையார் விட்டுச்சென்ற ஜீப்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் இலக்கியம் பேசத் தகுந்தவர்கள் பலர் வீற்றிருக்கின்றனர். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கலாசியாக ரயில்வேயில் நுழைந்து, பின்பு துறைத் தேர்வெழுதி எழுத்தனானவன். சம்பளப் பட்டியலும் விடுப்புக் கணக்குமே நான் நாள்தோறும் ஓதும் நூல்கள். ஆகவே, என்னைப் பேச அழைத்த செயலாளரிடம், "எனக்கு என்ன தெரியும்?" என்றேன். "காலனிப் பிள்ளைகள் எல்லாரும் உமது ஜீப்பைச் சுற்றியே நிற்கிறார்கள். அதைப் பற்றியே பேசும்" என்றார் அவர். அவர் கட்டளைப்படி அதைப் பற்றியே பேசுகிறேன்.

என் தந்தையார் 1972ஆம் ஆண்டில், வட ஆர்க்காடு மாவட்டத்து ஜோலார்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து இந்தச் சக்கரதர்ப்பூருக்கு ரயில்வே பிட்டராக வந்து சேர்ந்தார். 1989இல் ஓர் அரசு அலுவலகம் கழித்துவிட்ட ஜீப்பு ஒன்றைப் பத்தொன்பதாயிரம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தார். அது 1968ஆம் ஆண்டில் மகிந்திரா நிறுவனம் செய்த பெட்ரோல் வண்டி, சி.ஜே. 3பி என்னும் வகை. முப்பது ஆண்டுகள் அதைத் தம் கையாலேயே பழுதுபார்த்து ஓட்டினார். 2019 நவம்பரில் அவர் காலமானார். வண்டி குவார்ட்டர்ஸின் பின்புறம் தார்ப்பாயின்கீழ் நின்றுவிட்டது.

அவ்வண்டியின் குலமுறையைச் சிறிது கூறவேண்டும். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், நான்கு சக்கரங்களும் உந்தக்கூடிய சிறு வண்டி ஒன்றை அமெரிக்கப் படை வேண்டியது. 1940இல் பான்டம் என்னும் சிறு நிறுவனத்துக்காகக் கார்ல் புராப்ஸ்ட் என்னும் பொறியாளர் அதன் முதல் வடிவை வரைந்தார். பின்னர் வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. நம் நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது.

பழைய போர்க்கால எஞ்சினில் காற்றை உள்ளிழுக்கும் வால்வும் புகையை வெளிவிடும் வால்வும் எஞ்சினின் பக்கத்திலேயே இருந்தன. ஆற்றலைக் கூட்டும் பொருட்டு, பின்வந்த எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுகளை மட்டும் மேலே ஏற்றிவைத்தார்கள். வெளிவிடும் வால்வுகள் பக்கத்திலேயே தங்கிவிட்டன. அறுபது குதிரைத் திறன் எழுபதுக்கு மேல் உயர்ந்தது, எஞ்சினும் உயரமாயிற்று. அதனை மூடுவதற்கு முன்மூடியையும் உயர்த்த வேண்டியதாயிற்று. 1953இல் வெளிவந்த சி.ஜே. 3பியின் உயர்ந்த நெற்றிக்குக் காரணம் இதுவே. மேலே நான்கு, பக்கத்தில் நான்கு என்னும் இச்செய்தியைச் சற்று நினைவில் வைத்திருங்கள். என் கதைக்கு அது வேண்டும்.

தந்தையார் மறைந்தபின் வண்டியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பெங்களூரிலுள்ள என் தம்பி, "அண்ணா, பழைய இரும்புக்காரர் முப்பத்தையாயிரம் தருகிறாராம், கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பெண்ணின் படிப்புச் செலவு இருக்கிறது" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்னையாரோ, "அவர் இருந்தவரையில் அது ஓடிக்கொண்டிருந்தது. நீ ஓட்டுவதானால் வைத்துக்கொள், துருப்பிடிக்க விடுவதானால் இன்றே விற்றுவிடு" என்றார்கள். இடைப்பட்ட வழி ஒன்றையும் அவர்கள் எனக்கு வைக்கவில்லை.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். உரிமையாளர் காலமானால் முப்பது நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் 31ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது விதி. ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் நாள் தவறாமல் அனுப்பும் நான், என் வீட்டு விண்ணப்பத்தை ஓராண்டுக்கு மேல் கிடப்பில் போட்டேன். அபராதம் கட்டி, அன்னையார், தம்பி ஆகியோரின் சம்மதக் கடிதங்களுடன் 2021இல்தான் என் பெயருக்கு மாற்றினேன். தந்தையர் வண்டி வைத்திருந்து மறைந்த வீட்டினர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது என் மகனின் ஆசை. அவனுக்கு அப்போது வயது பதின்மூன்று. "பெரிய டயர் போடுவோம், டீசல் எஞ்சின் வைப்போம்" என்று நாள்தோறும் வற்புறுத்தினான். நானும் ஓரளவு மயங்கினேன். ஆனால் டயர் பெரிதானால் வண்டியின் இழுவை குறையும். அச்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் சுமை கூடும். பிரேக்கின் பிடி தளரும். அன்றியும், பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை உரிமையாளர் திருத்தலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதனை உறுதி செய்தது. ஆதலால் பழைய எஞ்சினையே செப்பனிடுவது என்று முடிவு செய்தேன்.

2021இல் அரசு மற்றொரு விதியும் கொண்டுவந்தது. முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, மூலவடிவம் மாறாத வண்டியைத் தொன்மை வண்டியாகத் தனியே பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுசெல்லலாம். அன்னையாரின் நிபந்தனையோ "ஓட வேண்டும்" என்பது. ஆகவே வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டேன்.

பிறகு வேலை தொடங்கியது. துருவேறிய தரைத் தகடுகளை வெட்டிப் புதியன ஒட்டினோம். பழைய உதிரிப்பாகங்களுக்காக நான்கு முறை ரயிலேறிக் கல்கத்தா மல்லிக் பஜாருக்குச் சென்றேன். மாற்றியே தீரவேண்டியவை என்று நான் கருதியவை சிலவே. பழைய பிரேக் அமைப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்வழி. எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் கைவிட்டுவிடும். முன்னிரண்டுக்கு ஒரு வழி, பின்னிரண்டுக்கு ஒரு வழி எனப் பிரித்த மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினேன். மெதுவாக ஓடும்போது மின்சாரம் தராத பழைய டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்தேன். இருக்கைகளுக்குப் பட்டை வைத்தேன். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். 2025 முதல் நாடெங்கும் கிடைப்பது பெரும்பாலும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்ததே. அது வருகிறது என்று கேள்விப்பட்டு, பெட்ரோல் குழாய்களையும் பம்பின் சவ்வையும் முன்னதாகவே மாற்றிவிட்டேன். நிற்பதற்கும், வழி தெரிவதற்கும், உயிர் காப்பதற்கும் உரியவற்றை மாற்றலாம்; வண்டியை அந்த வண்டியாக ஆக்குவதை மாற்றலாகாது. இதுவே நான் வகுத்துக்கொண்ட நெறி.

எஞ்சினை இவ்வூர்ப் பட்டறை ஒன்றில் பிரித்துச் சேர்த்தோம். மெக்கானிக் இளைஞர், கெட்டிக்காரர், டிராக்டர் எஞ்சின்களில் தேர்ந்தவர். 2023 செப்டம்பரில் வண்டி உறுமி எழுந்தது. காலனியே கைதட்டியது.

மறுவாரம் அன்னையாரையும் மகனையும் ஏற்றிக்கொண்டு ராஞ்சி சாலையில் டேபோ கணவாயை நோக்கிப் புறப்பட்டேன். சமவெளியில் ஓடிய வண்டி, ஏற்றம் தொடங்கிச் சூடேறியதும் மெல்லமெல்லச் சோர்ந்தது. இரண்டாம் கியர், முதல் கியர் என்று இறக்கியும் பயனில்லை. பின்னால் லாரிகள் ஒலியெழுப்ப, நடு ஏற்றத்தில் நின்றுவிட்டது. மகன் குதித்தோடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். அன்னையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய வேதனையாயிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, குளிர்ந்த எஞ்சின் ஒன்றும் அறியாததுபோல் கிளம்பியது. வீட்டுக்குத் திரும்பினோம்.

மும்முறை பிரித்துப் பார்த்தும் கோளாறு அகப்படவில்லை. "இந்த எஞ்சினின் காலம் முடிந்துவிட்டது, அனுமதி வாங்கி டீசலை வைத்துவிடுங்கள்" என்றார் மெக்கானிக். அதற்குள் ஒரு லட்சத்து அறுபதாயிரம் செலவாகியிருந்தது. பழைய இரும்புக்காரரின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

அன்றிரவு தந்தையாரின் குறிப்பேட்டைக் கையில் எடுத்தேன். வண்டிக்குச் செய்த ஒவ்வொரு வேலையையும் அவர் பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தார். அதை நான் முன்பே புரட்டியவன்தான். மகனோ இந்திப் பள்ளியில் படிப்பவன். நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவன். அருகே உட்கார்ந்து விரல்வைத்துக் கூட்டிப் படித்தான். பல பக்கங்களில் "மே. 18, ப. 16, ஆறிய பின்" என்று ஒரே வரி இருந்தது. அதை வேலை செய்த தேதி என்றே நான் எண்ணித் தள்ளியிருந்தேன்.

"அப்பா, மே பதினெட்டு சரி. ‘ப’ என்றால் எந்த மாதம்? பிப்ரவரி என்றால் ‘பி’ அல்லவா போடவேண்டும்? எல்லா வருஷமும் தாத்தா அதே தேதியில்தானா வேலை செய்தார்?" என்று கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மே" என்பது மாதமன்று, மேல். "ப" என்பது பக்கம். மேல் வால்வுகளுக்கு ஓரங்குலத்தில் ஆயிரத்தில் பதினெட்டுப் பங்கு இடைவெளி. பக்க வால்வுகளுக்குப் பதினாறு பங்கு. எஞ்சின் ஆறிய பின் பார்க்கவேண்டும். இவ்வளவையும் அந்த ஒரு வரியில் எழுதி வைத்திருந்தார் அவர்.

மறுநாள் பட்டறைக்கு ஓடினேன். மேல்மூடியைத் திறந்தால் தெரியும் நான்கு வால்வுகளையே நம் மெக்கானிக் சரிசெய்திருந்தார். அவர் பழகிய எஞ்சின்களில் எல்லா வால்வும் மேலேதான். புகைக்குழாயின் அடியிலிருந்த பக்கமூடியைக் கழற்றினோம். வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்ததில் பக்க வால்வுகளின் இடைவெளி ஏறக்குறைய இல்லாமற் போயிருந்தது. இரும்பு சூடேறினால் நீளும் அல்லவா? இடமின்மையால் வால்வு முழுதும் மூடாமல், அழுத்தம் கசிந்து, ஆற்றல் ஒழிந்தது. பீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பதினாறு பங்கு வைக்க ஒன்றரை மணி நேரமே ஆயிற்று. மெக்கானிக் அந்த வரியைக் காட்டச் சொல்லி, எண்களை இந்தியில் தம் சுவரில் எழுதிக்கொண்டார். குறை அவருடையதன்று, ஏடு கையிலிருந்தும் படிக்கத் தவறிய என்னுடையது.

அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் அதே மூவர், அதே கணவாய். முன்பு நின்ற இடத்தைக் கடந்தபோது அன்னையார் என் தோளைத் தொட்டார்கள். ஹிர்னி அருவி வரை சென்று திரும்பினோம்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். நான்கு சக்கர உந்தலை எப்போதும் போட்டு ஓட்டலாகாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழி செல்கின்றன. உலர்ந்த தார்ச்சாலையில் இரண்டையும் பூட்டினால் இயந்திரம் முறுக்கேறித் தேயும். சேறு, மணல், ஈரமண் ஆகியவற்றில்தான் அதற்கு வேலை. கணவாய்ச் சாலையில் நான் அந்த நெம்புகோலைத் தொடவே இல்லை. சென்ற மழைக்காலத்தில் நமது காலனிச் சேற்றில் புதைந்த சமையல் வாயு வண்டியை இழுத்தபோதுதான் தொட்டேன். அன்று இங்குள்ள தாய்மார்கள் பலர் அடுப்பை நினைத்துக் கைதட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது குறிப்பேட்டை எழுதுபவன் என் மகன். தமிழில்தான் எழுதுகிறான், பிழைகள் உண்டு. "மேல்" என்று மட்டும் சுருக்காமல் முழுதாக எழுதுகிறான். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் எழுதிவைத்த ஏடு ஏதேனும் இருக்கும். மருந்துக் குறிப்போ, கடன் கணக்கோ, சமையல் அளவோ இருக்கலாம். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அருகில் உட்கார்ந்து, இதற்கு என்ன பொருள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, ஒரு பிள்ளையின் கேள்வியால் தப்பினேன்.